முதல் ஊசிக்கு முன்னால் இரண்டு சீசா ரத்தம்!

"ஜன்னி கண்டு போய்விட்டார்." "ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, டாக்டர் கையை விரித்துவிட்டார்." "நாலு நாள் காய்ச்சல்தான், ஐந்தாம் நாள் ஆளே இல்லை."

இளம்பிள்ளைத் தறிக்கூடங்களிலும், கஞ்சமலை அடிவாரத்துக் காடுகரைகளிலும், சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சேகோ ஆலைகளிலும் இந்த வார்த்தைகளைக் கேட்காத உழைப்பாளி உண்டா? எந்தக் கிருமி அவரைக் கொன்றது? எந்த மருந்து அவரைக் காப்பாற்றியிருக்கும்? கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை. தலைவிதி என்று சொல்லிப் பாடையைக் கட்டிவிடுகிறோம்.

இது தலைவிதி அல்ல என்று நாம் சொல்லுகிறோம். கொன்றவன் யாரென்று தெரியாமல் வழக்கை மூடுகிற போலீசை ஊர் சும்மா விடுமா? கொன்ற கிருமி எதுவென்று தெரியாமல் பிணத்தை ஒப்படைக்கிற ஏற்பாட்டை மட்டும் ஏன் சும்மா விட வேண்டும்?

விஷம் ஏறுவது எப்படி?

தறியில் நிற்பவன் காலில் ஒரு புண். சர்க்கரை வியாதிக்காரன், ஆகவே வலி தெரியவில்லை. மரவள்ளிக் கிழங்கு உரிக்கும் பெண்ணின் விரலில் கத்திக் கீறல். கரும்பு வெட்டுபவன் காலில் சோகை கிழித்த காயம். பிள்ளை பெற்ற தாய்க்கு மூன்றாம் நாள் குளிர். மூத்திரத் துவாரத்தில் எரிச்சல், மார்பில் சளி. இவற்றில் எந்த வாசல் வழியாகவும் கிருமி உள்ளே நுழையலாம். அது ரத்தத்தில் கலந்து, உடம்பு அதனோடு நடத்தும் போரில் உடம்பே நிலைகுலைந்து, சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று உறுப்புகள் ஒவ்வொன்றாகச் சாய்வதைத்தான் டாக்டர்கள் செப்சிஸ் என்கிறார்கள். நம் பாட்டிமார் ஜன்னி என்று சொன்னதில் இதுவும் உண்டு.

இது அபூர்வ வியாதி என்று யாரும் எண்ண வேண்டாம். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்குச் செப்சிஸ் கண்டது, சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் மாண்டார்கள் என்று 2020ல் லான்செட் என்ற வைத்திய சஞ்சிகை கணக்கு வெளியிட்டது. உலகில் நிகழும் ஐந்து சாவுகளில் ஏறக்குறைய ஒன்று! அதிலும் பெரும்பங்கு ஏழை நாடுகளின் பங்கு. 2017 மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் மகாசபை, இந்நோயைத் தடுக்கவும் கண்டுபிடிக்கவும் எல்லாச் சர்க்கார்களும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தீர்மானமே போட்டது.

உழைப்பாளி மக்களின் டாக்டர் நார்மன் பெதூன் மாண்டதும் இந்த நோயால்தான். கனடாவிலிருந்து சீனா சென்று, ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட வீரர்களுக்குப் போர்முனையில் அறுவை வைத்தியம் செய்துகொண்டிருந்தவர் அவர். கத்தி கீறிய விரலில் கிருமி ஏறி, 1939 நவம்பர் 12ந் தேதி மாண்டார். அன்று பெனிசிலின் மருந்தாகப் புழக்கத்துக்கு வரவில்லை. அவரைக் காப்பாற்ற அந்த ஆயுதம் கையில் இல்லை. இன்று ஆயுதம் இருக்கிறது. இருந்தும் சேலம் ஜில்லாக் கூலிக்காரன் பெதூனைப் போலவே சாவதென்றால், குற்றம் யாருடையது?

கிருமியைப் பிடிக்கும் சீசா

ரத்தத்தில் ஓடும் கிருமியைப் பிடிக்கும் சோதனைக்குப் பெயர் பிளட் கல்ச்சர். அதில் மந்திரம் ஒன்றுமில்லை. தோலை மருந்து போட்டுச் சுத்தமாகத் துடைத்து, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, கிருமி வளரத் தீனி கலந்த சீசாவில் விடுகிறார்கள். விதை நெல்லை நாற்றங்காலில் போடுவது போலத்தான். சீசாவை உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்தால், உள்ளே இருக்கும் ஒன்றிரண்டு கிருமி லட்சங்களாகப் பெருகும். அது விடும் கரியமில வாயுவைக் கண்டு இயந்திரம் மணியடிக்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தெரிந்துவிடும். ஐந்து நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள். பிறகு அந்தக் கிருமியை எடுத்து, எந்த மருந்துக்குச் சாகிறது, எந்த மருந்துக்குச் சாகாது என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள்.

"இரண்டு சீசா ரத்தமா? உடம்பில் இருப்பதே அவ்வளவுதானே!" என்று பயப்படும் தோழர்கள் உண்டு. பயம் வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு சீசாவுக்கு எட்டு முதல் பத்து மில்லி, அதாவது இரண்டு தேக்கரண்டி. குழந்தைக்கு அதனினும் குறைவு. ஆனால் அளவு குறைந்தால் சோதனை பாழ். பெரியவர்களின் ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஒரு கிருமிகூட இல்லாத சமயம் உண்டு. இரண்டு துளி எடுத்தால் எதைப் பிடிப்பது? ஒரே இடத்தில் எடுத்தாலும் போதாது. இரண்டு கைகளிலிருந்தும் தனித்தனியாக எடுக்க வேண்டும். ஒரு சீசாவில் மட்டும் தோல்மேல் வாழும் கிருமி முளைத்தால் அது பெரும்பாலும் துடைத்ததில் வந்த குறை, இரண்டிலும் அதே கிருமி முளைத்தால் உண்மையான எதிரி என்று அப்போதுதான் பிரித்தறிய முடியும்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று: ரத்தம் முதலில், மருந்து பிறகு. வட அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் 325 நோயாளிகளிடம் நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2019ல் வெளிவந்தது. மருந்துக்கு முன் எடுத்த ரத்தத்தில் நூற்றுக்கு 31 பேரிடம் கிருமி கிடைத்தது. அதே நோயாளிகளிடம், மருந்து கொடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் நூற்றுக்கு 19 பேரிடம்தான் கிடைத்தது. இரண்டே மணி நேரத்தில் சாட்சி இவ்வளவு அழிகிறது. மூன்று நாள் மாத்திரை தின்றுவிட்டு வந்தவனிடம் என்ன கிடைக்கும்?

இதற்காக மருந்தைத் தாமதிக்கச் சொல்லுகிறோமா? இல்லவே இல்லை! ரத்த அழுத்தம் விழுந்துவிட்டால், முதல் ஆறு மணி நேரத்தில் சரியான மருந்து தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பிழைக்கும் வாய்ப்பு சராசரி 7.6 சதவிகிதம் குறைந்தது என்று 2006ல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. ரத்தம் எடுக்கச் சில நிமிஷம் போதும். எடுத்த கையோடு ஊசியைப் போட வேண்டும். முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. முடிவு வந்ததும், போடும் மருந்து சரிதானா என்று பார்த்து மாற்ற வேண்டும்.

கிராமத்தில் நடப்பது என்ன?

விஞ்ஞானம் சொல்வது இது. நடப்பது என்ன?

விசைத்தறித் தொழிலாளிக்குக் காய்ச்சல். ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போச்சு. நேரே மெடிக்கல் கடைக்குப் போகிறான். "காய்ச்சல், உடம்புவலி, ஒரு செட் மாத்திரை கொடுங்கள்" என்கிறான். அந்தச் செட்டில் கிருமிக்கொல்லி மாத்திரை இருக்கிறதா, எத்தனை நாளைக்கு என்று அவனுக்கும் தெரியாது, சில சமயம் கொடுத்தவருக்கும் தெரியாது. இரண்டு வேளை தின்றதும் சற்றுத் தேவலை. மீண்டும் தறிக்குப் போகிறான். மூன்றாம் நாள் காய்ச்சல் திரும்புகிறது. ஊசி போடுகிறவரிடம் ஓடுகிறான். அடுத்தது பஸ் நிலையத்துக்கு அருகிலுள்ள லாப். அங்கே வைடால் சோதனை. "டைபாய்டு இருக்கிறது" என்று ஒரு சீட்டு.

இந்த வைடால் சோதனை 1896ல் பிறந்தது. அது கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமியை எதிர்த்து உடம்பில் உண்டான பொருளை மட்டும் பார்க்கிறது. எப்போதோ வந்துபோன டைபாய்டின் சுவடும் அதில் தெரியும். வேறு காய்ச்சலும் அதை ஏமாற்றும். ஒரே ஒரு முறை பார்த்து முடிவு கட்ட அது லாயக்கில்லை. கல்ச்சரிலும் பத்து டைபாய்டு நோயாளிகளில் சுமார் ஆறு பேர்தான் அகப்படுவார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அகப்பட்டால் கிருமியே நேரில் நிற்கிறது, எந்த மருந்துக்குச் சாகும் என்றும் அதுவே சொல்லுகிறது.

பிளட் கல்ச்சரால் என்ன லாபம் என்பவர்களுக்கு வேலூர் பதில் சொல்லுகிறது. 2017 முதல் 2020 வரை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் முன்னின்று, வேலூர், டில்லி, கல்கத்தா, பூனாப் பகுதிகளில் குழந்தைகளைப் பின்தொடர்ந்து, காய்ச்சல் கண்டால் கல்ச்சர் எடுத்தார்கள். நகர்ப்பகுதிகளில் ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளுக்கு 576 முதல் 1,173 பேர் வரை டைபாய்டு உறுதியாயிற்று. பூனா அருகே கிராமப்பகுதியில் 35 பேர்தான். ஊகம் பேசாத இந்தக் கணக்கு எப்படிக் கிடைத்தது? சீசாவில் ரத்தம் எடுத்ததால் கிடைத்தது. சாக்கடையும் குடிதண்ணீரும் கலக்கும் குடியிருப்புகளின் மீது இது குற்றப்பத்திரிகை. கல்ச்சர் என்பது வைத்தியத்துக்கு மட்டுமல்ல, சர்க்காரைக் கூண்டில் ஏற்றவும் உதவும் சாட்சி!

"ஏழை தாமதமாக வருகிறான்"

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பழி காத்திருக்கிறது: "இவ்வளவு முற்றிய பிறகு கொண்டுவந்தால் நாங்கள் என்ன செய்வது?"

தாமதமாக வருவது உண்மை. ஏன் தாமதம்? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி யார் இருக்கிறார்? சம்பளத்தோடு நோய் விடுப்பு எந்தத் தறிக்கூடத்தில் உண்டு? ஈ.எஸ்.ஐ. பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் கட்டாயம். ஆறு தறி போட்ட கொட்டகைக்காரன் அதற்கு வெளியே நிற்கிறான். நாட்கூலி விவசாயத் தொழிலாளிக்கு அந்த வாசலே இல்லை. காலைக் கட்டிப்போட்டுவிட்டு, ஓட்டத்தில் பிந்தினாய் என்று பழிப்பதா?

ரத்தம் எடுக்கும் நர்சையும் லாப் ஊழியரையும் குறை சொல்லுவோருக்கும் ஒரு வார்த்தை. குறைந்த தொகுப்பூதியத்தில் ஒப்பந்த நர்சுகளாக வைக்கப்பட்டவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடியதை நாடு பார்த்தது. ஒருத்தி பல படுக்கைகளுக்கு ஓடும்போது, தோலை நிதானமாகத் துடைத்து, இரண்டு கைகளிலும் ரத்தம் எடுக்க நேரம் எங்கே? ஆள் பற்றாக்குறையால் வரும் பிழையை ஊழியர் தலையில் கட்டுவது முதலாளிகளின் பழைய தந்திரம். நோயாளியும் நர்சும் ஒரே தரப்பு.

"துரிதச் சோதனை வந்துவிட்டதே!"

இப்போது புதிய வாதம் ஒன்று கிளம்பியிருக்கிறது: ஒரு மணி நேரத்தில் கிருமியின் பெயரைச் சொல்லும் பெரிய இயந்திரங்கள் வந்துவிட்டன, பழைய சீசா எதற்கு என்று.

விஞ்ஞானத்தை நாம் எதிர்ப்பவர்கள் அல்ல. துரிதச் சோதனை வேண்டும், ஏழைக்கும் வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். கிருமியின் மரபுப் பொருளைத் தேடும் இயந்திரங்களில் பெரும்பாலானவை சீசாவில் கிருமி வளர்ந்த பிறகுதான் வேலை செய்கின்றன. முளைத்த கிருமியைச் சில நிமிஷத்தில் அடையாளம் காட்டும் மால்டி-டாப் இயந்திரத்துக்கும் வளர்ந்த கிருமி வேண்டும். இயந்திரத்தின் பட்டியலில் இல்லாத கிருமி அதன் கண்ணுக்குத் தெரியாது. எந்த மருந்துக்குச் சாகும் என்று முழுமையாகச் சொல்ல உயிருள்ள கிருமியே வேண்டும். லாக்டேட், சி.ஆர்.பி., புரோகால்சிடோனின் என்ற சோதனைகள் நோயின் கடுமையையும் போக்கையும் அறிய உதவும். எதிரியின் பெயரை அவை சொல்லா. அஸ்திவாரம் சீசாதான். அஸ்திவாரம் போடாமல் மாடி விற்பவனுக்கு வியாபாரம்தான் நோக்கம்.

சீசாவே கைவிடும் இடமும் உண்டு. வயல்வரப்பிலும் புதரிலும் வேலை செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக் காய்ச்சலின் கிருமி கல்ச்சர் சீசாவில் முளைக்காது. எலி மூத்திரம் கலந்த சேற்றுநீரால் வரும் லெப்டோ காய்ச்சலும் சாதாரண சீசாவில் அகப்படாது. உண்ணிக் காய்ச்சலில் அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில், பீடி நெருப்பு சுட்டது போல ஒரு கருத்த வடு பலருக்கு இருக்கும். சட்டையை அவிழ்த்துப் பார்க்கும் டாக்டருக்குத்தான் அது தெரியும்! வழக்கமாகப் போடும் செப்ட்ரியாக்சோன் ஊசி இதற்குப் பலிக்காது. டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்ற பழைய மருந்துகள் பலிக்கும். நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்து ரத்தக்குழாய் வழியே கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று, 794 நோயாளிகளிடம் வேலூர் டாக்டர்கள் தலைமையில் நடந்த ஆராய்ச்சி 2023ல் நிலைநாட்டியது. இங்கேதான் துரிதச் சோதனை உண்மையில் தேவை. விவசாயத் தொழிலாளிக்கு வரும் காய்ச்சலுக்கு அது ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்க வேண்டும்.

கோழிப் பண்ணையும் நம் ரத்தமும்

கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போவது நமக்கு இரண்டாவது ஆபத்து. 2010ல் என்.டி.எம்.-1 என்ற வலிமை பெற்ற கிருமிகளைப் பற்றிய ஆராய்ச்சி வெளிவந்தது. சென்னையில் கிடைத்த கிருமிகளும் அதில் இருந்தன. முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. டில்லி சர்க்கார் என்ன செய்தது? கிருமிக்கு நம் தலைநகரின் பெயரா என்று பெயருக்காகச் சண்டை போட்டது! 2012ல் டாக்டர் அப்துல் கபூர் முயற்சியில் பல வைத்திய சங்கங்கள் கூடிச் "சென்னைப் பிரகடனம்" செய்த பிறகுதான் பேச்சு சூடு பிடித்தது. முக்கியமான கிருமிக்கொல்லிகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்ற எச்-1 விதி 2014ல் வந்தது.

டில்லியின் மூன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் 2011 முதல் 2014 வரை பிறந்த சிசுக்களை ஆராய்ந்தபோது, ரத்தத்தில் கிருமி உறுதியான சிசுக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தது தெரிந்தது. அதிகம் கண்ட அசினிடோபாக்டர் என்ற கிருமியில் பத்துக்கு எட்டு பல மருந்துகளுக்கு மசியவில்லை.

கடைசி ஆயுதங்களில் ஒன்று கொலிஸ்டின். மனிதனைக் காக்க ஒதுக்க வேண்டிய அந்த மருந்து, கோழி சீக்கிரம் பருக்க வேண்டும் என்று தீனியில் கலக்கப்பட்டு வந்தது. 2019 ஜூலையில்தான் இந்திய சர்க்கார் அதை இறைச்சிப் பிராணிகளுக்கும் கோழிக்கும் கொடுக்கத் தடை விதித்தது. நாமக்கல் கோழிப் பண்ணைகளின் பூமி. பண்ணையில் கூலிக்கு எரு அள்ளுபவனும், பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் இறைப்பவளும் நம் மக்கள். தடை காகிதத்தில் இருந்தால் போதாது. தீனியைச் சோதித்து முடிவை ஊரறியச் சொல்லுவது யார்?

கிருமி எது என்று தெரியாத டாக்டர் என்ன செய்வார்? எதற்கும் இருக்கட்டும் என்று மிகப் பெரிய மருந்தை எடுப்பார். அப்படித்தான் கடைசி ஆயுதமும் மழுங்குகிறது. அறியாமைக்கு விலை உண்டு. அந்த விலையை நம் தாலிக்கொடியும் கந்துவட்டியும் கட்டுகின்றன.

முடியாதா, மனமில்லையா?

"நடைமுறைக்கு ஒத்துவராது" என்பார்கள். நாம் கேட்கிறோம்:

காலையும் மாலையும் கிராமத்துச் சங்கத்தில் ஊற்றும் பால், கெட்டுப்போகும் முன் சேலம் போய்ச் சேருகிறதே, எப்படி? இளம்பிள்ளையில் நெய்த சேலை பார்சல் கட்டி நாடெங்கும் போகிறதே, எப்படி? கல்ச்சர் சீசாவுக்கு ஐஸ்பெட்டிகூட வேண்டாம். குளிரில் வைக்கவே கூடாது. சில மணி நேரத்துக்குள் இயந்திரத்தில் ஏறினால் போதும். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் பெயரில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2022 ஜனவரியில் நாமக்கல்லிலும் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மருத்துவக் கல்லூரி என்றால் கிருமி ஆராயும் துறை கட்டாயம். நோயாளியை ஏற்றிப் போக 2008 முதல் 108 வண்டி ஓடுகிறது. சீசாவை ஏற்றிப் போக ஒரு மோட்டார் சைக்கிள் இல்லையா?

சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம் என்று 2021 டிசம்பரில் தமிழக சர்க்கார் திட்டம் கொண்டுவந்தது. நல்லது, வரவேற்கிறோம். மணிக்கணக்குப் பார்த்து உயிர் காக்க முடியும் என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதல்லவா அது? லாரி மோதினால் மணி பார்ப்பீர்கள், ரத்தத்தில் விஷம் ஏறினால் விதி பார்ப்பீர்களா?

நம் கோரிக்கைகள்

ஒன்று: ராத்திரியும் பகலும் டாக்டர் இருக்கும் ஒவ்வொரு சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் கல்ச்சர் சீசா இருக்க வேண்டும். செப்சிஸ் என்று சந்தேகம் வந்தால் முதல் ஊசிக்கு முன்னால் ரத்தம் எடுக்க வேண்டும், இலவசமாக!

இரண்டு: சீசாக்களை அன்றன்றே சேலம், நாமக்கல் மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொண்டுசெல்ல வண்டியும் ஆளும் வேண்டும். கிருமி முளைத்த செய்தி டெலிபோனில் உடனே டாக்டருக்கு எட்ட வேண்டும்.

மூன்று: உண்ணிக் காய்ச்சல், லெப்டோ, டெங்கு, மலேரியாவுக்கான துரிதச் சோதனைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேண்டும்.

நான்கு: நர்சுகளையும் லாப் ஊழியர்களையும் நிரந்தரமாக்க வேண்டும். காலியிடங்களை நிரப்ப வேண்டும்.

ஐந்து: எந்தக் கிருமி எந்த மருந்துக்கு மசிகிறது என்ற கணக்கை ஜில்லாவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பண்ணைத் தீனிச் சோதனை முடிவையும் வெளியிட வேண்டும்.

ஆறு: சிறு தறிக்கூடத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் கூலியோடு நோய் விடுப்பும் காப்பீடும் வேண்டும்.

தோழர்களே! சர்க்கார் செய்யும்வரை நாம் சும்மா இருப்பதில்லை. காய்ச்சலோடு மூச்சு இரைத்தாலும், பேச்சு குழம்பினாலும், கைகால் சில்லிட்டாலும், மூத்திரம் குறைந்தாலும், ஆள் துவண்டாலும் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. கிழவருக்கும் சிசுவுக்கும் காய்ச்சலே இல்லாமல் உடம்பு குளிர்ந்தும் வரும். மறுநாள் கூலியை எண்ணாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். சீட்டில்லாமல் கிருமிக்கொல்லி வாங்கித் தின்னாதீர்கள். தின்ற மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். "டாக்டர் ஐயா, ஊசிக்கு முன்னால் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாயிற்றா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல, நம் உரிமை.

ஒருவர் கேட்டால் முகம் சுளிப்பார்கள். தறிக்கூடம் முழுவதும், ஊர் முழுவதும் கேட்டால் சீசா வரும், வண்டி வரும், ஆளும் வருவார்கள். சங்கக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாக்குங்கள். கிராம சபையில் எழுந்து பேசுங்கள். கலெக்டர் மனு நாளில் கூட்டமாகப் போய் நில்லுங்கள்.

ஜன்னி கண்டு போனார் என்ற பேச்சு நம் தலைமுறையோடு ஒழியட்டும்!